ஸ்கிரீன் முன்னாடி கண் ஏன் எரியுது?

சாயங்காலம் அஞ்சு மணி ஆனா கண்ணுக்குள்ள மணல் விழுந்த மாதிரி இருக்குன்னு சொல்றவங்க, தினமும் தலைவலியோட ஆபீஸ்ல இருந்து கிளம்புறவங்க, மானிட்டர்ல இருந்து நிமிர்ந்தா தூரத்துல இருக்கிற எழுத்து ரெண்டு மூணு செகண்ட் மங்கலா தெரியுதுன்னு சொல்றவங்க, இந்த எபிசோட் உங்களுக்குத்தான். நான் டாக்டர் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்பது பத்து மணி நேரம் ஸ்கிரீனைப் பார்த்துப் பிழைக்கிற சாஃப்ட்வேர் இன்ஜினியர். அதனால ஒரு பிரச்சினையை டீபக் பண்ற மாதிரிதான் இதை அணுகப் போறேன்: முதல்ல என்ன நடக்குதுன்னு பார்ப்போம், அப்புறம் எதை மாத்தணும்னு பேசுவோம்.

1993-ல ஜப்பானைச் சேர்ந்த கசுவோ சுபோட்டாங்கிற கண் டாக்டரும் அவரோட சக ஆய்வாளரும் ஆபீஸ்ல வேலை பார்க்கிற 104 பேரை வெச்சு ஒரு எளிமையான விஷயத்தை அளந்தாங்க. இவங்க நிமிஷத்துக்கு எத்தனை தடவை கண் சிமிட்டுறாங்க? சும்மா உட்கார்ந்திருக்கும்போது சராசரியா 22. மேஜைல வெச்சு புத்தகம் படிக்கும்போது 10. கம்ப்யூட்டர் பார்க்கும்போது 7.

இந்த மூணு நம்பரையும் கொஞ்சம் நிதானமா பாருங்க. 22-ல இருந்து 10-க்கு இறங்கினதுக்கு ஸ்கிரீன் காரணம் இல்லை, அங்க இருந்தது காகிதம். கவனம் குவிஞ்சாலே நாம சிமிட்டுறதை நிறுத்திடுறோம். ஊசியில நூல் கோர்க்கும்போது எங்க பாட்டி கண்ணைச் சிமிட்டி நான் பார்த்ததே இல்லை. ஸ்கிரீன் அதுக்கு மேல இன்னொரு வேலையையும் பண்ணுது. புத்தகத்தை நாம குனிஞ்சு பார்க்கிறோம், அதனால மேல் இமை பாதி கீழே இறங்கி இருக்கும். மானிட்டரை நேராவோ நிமிர்ந்தோ பார்க்கிறோம், கண் அகலமா திறந்திருக்கும். அதே ஆய்வுல அதையும் அளந்திருக்காங்க. புத்தகம் படிக்கும்போது காத்துல திறந்து கிடக்கிற கண் பரப்பு, கம்ப்யூட்டர் பார்க்கும்போது இருக்கிறதுல கிட்டத்தட்ட பாதிதான்.

சிமிட்டுறது ஏன் இவ்வளவு முக்கியம்? கண்ணு மேல எப்பவும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கு. அடியில சளி மாதிரி வழவழப்பான ஒரு பூச்சு, நடுவுல தண்ணி, மேல எண்ணெய். அந்த எண்ணெய் இமை ஓரத்துல வரிசையா இருக்கிற சின்னச் சின்ன சுரப்பிகள்ல இருந்து வருது. தண்ணி ஆவியாகாம மூடி வைக்கிற மூடி அதுதான். ஒவ்வொரு சிமிட்டலும் அந்த எண்ணெயைக் கொஞ்சம் பிதுக்கி, கார் வைப்பர் மாதிரி மேல பரப்பிவிட்டுப் போகுது. சிமிட்டல் குறைஞ்சா படலம் அங்கங்க கிழியும். காய்ஞ்ச இடம் எரியும், உறுத்தும். சில பேருக்கு எதிர்மாறா கண்ணுல தண்ணியா கொட்டும், அதுவும் வறட்சியால வர்றதுதான். உறுத்தலுக்குப் பதிலா கண் அவசர அவசரமா தண்ணி விடுது. "எனக்குத்தான் கண்ணுல தண்ணி வருதே, எப்படி வறட்சி?"ன்னு நிறைய பேர் கேட்பாங்க. அதுக்குப் பதில் இதுதான்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஃபோகஸ். கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸைச் சுத்தி ஒரு வளைய தசை இருக்கு. தூரத்துல பார்க்கும்போது அது தளர்ந்து இருக்கும். கிட்டத்துல பார்க்கும்போது சுருங்கணும். எவ்வளவு சுருங்கணுங்கிறது சின்னக் கணக்கு: 1-ஐ மீட்டர்ல இருக்கிற தூரத்தால வகுத்தா டயாப்டர். மானிட்டர் 60 சென்டிமீட்டர்ல இருந்தா 1.7 டயாப்டர். போன் 30 சென்டிமீட்டர்ல இருந்தா 3.3. ஆறு மீட்டர், அதாவது 20 அடி தள்ளிப் பார்த்தா 0.17, கிட்டத்தட்ட ஓய்வு. கூடவே ரெண்டு கண்ணையும் மூக்குப் பக்கமா உள்ளே திருப்பி வைக்கிற தசைகளும் வேலை செய்யணும். கையில ஒரு கிலோ அரிசிப் பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது பெரிய விஷயம் இல்லை. ஒன்பது மணி நேரம் நின்னா அது வேற கதை. நிமிர்ந்து பார்த்ததும் ரெண்டு செகண்ட் மங்கலா தெரியுதே, அது இந்தத் தசை உடனே தளர மறுக்கிறது.

ஆக காய்றது, பிடிச்சு வெச்ச பிடியிலேயே நிக்கிறது. ரெண்டுமே நாம செய்யாம விட்டதால வர்றது. ஸ்கிரீன்ல இருந்து ஏதோ கெட்ட கதிர் வந்து கண்ணைச் சுடுறதில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, கடையில விக்கிறது முழுக்க வெளிச்சத்தைப் பத்தின பயம்தான். போன வருஷம் புது கண்ணாடி வாங்க ஒரு ஆப்டிகல்ஸ் கடைக்குப் போனேன். பேரு வேண்டாம், எல்லாக் கடையிலும் இதே நாடகம்தான். "சார் ஐடியா? அப்போ ப்ளூ கட் கண்டிப்பா போடணும்"னு சொல்லிட்டு, ஒரு சின்ன லேசர் பேனாவையும் ஒரு வெள்ளை அட்டையையும் எடுத்தார். சாதா லென்ஸ் வழியா அடிச்சா அட்டையில பளிச்சுன்னு புள்ளி விழுது. ப்ளூ கட் லென்ஸ் வழியா அடிச்சா ஒண்ணுமே இல்லை. பார்க்க அசத்தலாத்தான் இருந்தது.

நான் அவர்கிட்ட பேனாவை வாங்கி, பக்கத்துல ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். 405 நானோமீட்டர். அது நீலமே இல்லை, ஊதா. நம்ம எல்இடி மானிட்டர்ல வர்ற நீலம் உச்சத்துல இருக்கிறது சுமார் 450 நானோமீட்டர்ல. 405-ஐ முழுசா மறைக்கிற லென்ஸ் 450-ஐயும் அப்படியே மறைக்கும்னு அர்த்தம் இல்லை. அப்படி மறைச்சா உலகமே பழைய ஆரஞ்சு மிட்டாய்ப் பேப்பர் வழியா பார்க்கிற மாதிரி தெரியும். வழக்கமா விக்கிற ப்ளூ கட் லென்ஸ் வடிகட்டுறது நீல ஒளியில 10-ல இருந்து 25 சதவீதம். அந்த அளவு வேணும்னா பிரைட்னஸைக் கொஞ்சம் குறைச்சாப் போதும், காசு கிடையாது.

சரி, வடிகட்டினா கண் சோர்வு குறையுதா? 2023-ல காக்ரேன் அமைப்பு இதைப் பத்தி வந்த 17 சோதனைகளைச் சேர்த்து அலசி வெளியிட்டது. ஆறு நாடுகள்ல நடந்த சோதனைகள். சாதா லென்ஸோட ஒப்பிட்டா, கம்ப்யூட்டர் பார்க்கிறவங்களோட கண் சோர்வைக் குறுகிய காலத்துல குறைக்கிறதா தெரியலைன்னு முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமும் கம்ப்யூட்டர் வேலைக்கு இதைப் பரிந்துரைக்கிறதில்லை. இங்கிலாந்துல 2017-ல பூட்ஸ் ஆப்டீஷியன்ஸ் நிறுவனம் இந்த லென்ஸைப் பத்தி மிகைப்படுத்தி விளம்பரம் பண்ணினதுக்கு 40,000 பவுண்டு அபராதம் கட்டுச்சு. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா தூக்கிப் போட வேண்டாம், அதால கெடுதல் ஒண்ணும் இல்லை. அடுத்த தடவை அந்தக் காசை நல்ல ஆண்ட்டி-க்ளேர் கோட்டிங்குக்கும் சரியான கண் பரிசோதனைக்கும் கொடுங்க.

இப்போ 20-20-20. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி, 20 செகண்ட் பார்க்கணும். இதை 90-கள்ல உருவாக்கினவர் ஜெஃப்ரி ஆன்ஷெல்னு ஒரு கலிஃபோர்னியா ஆப்டோமெட்ரிஸ்ட். ஞாபகத்துல நிக்கணும்னு வெச்ச எண்கள், ஆராய்ச்சியில கண்டுபிடிச்சது இல்லை. நியூயார்க்ல 30 பேரை டேப்லெட்ல 40 நிமிஷம் படிக்க வெச்சு, 20 செகண்ட் இடைவேளையை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்தி மாத்திக் கொடுத்துப் பார்த்தாங்க. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஸ்பெயின்ல வலென்சியாவுல லேப்டாப்லயே ஞாபகப்படுத்துற சாஃப்ட்வேர் போட்டு ரெண்டு வாரம் பழக்கினப்போ, கண் எரிச்சல், வறட்சி எல்லாம் குறைஞ்சது. சாஃப்ட்வேரை எடுத்ததும் பலன் நீடிக்கலை.

என் கருத்து: எண்ணைக் கட்டிக்கிட்டு அழ வேண்டாம். 20 செகண்ட் கொஞ்சம் கம்மிதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் அஞ்சு நிமிஷம் ஜன்னல்கிட்ட நின்னா அதைவிட நல்லது. சென்னை ஃப்ளாட்ல 20 அடிக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. பால்கனி கதவைத் திறந்து எதிர் மாடில இருக்கிற தண்ணி டேங்க்கைப் பாருங்க. ஆபீஸ்ல ஹாலோட அந்தக் கடைசியில இருக்கிற எக்ஸிட் போர்டைப் பாருங்க. பார்க்கும்போது கண்ணை மெதுவா முழுசா மூடித் திறங்க, பத்து தடவை. முழுசாங்கிறது முக்கியம். ஸ்கிரீன் பார்க்கும்போது நாம சிமிட்டுற கொஞ்சத்துலயும் நிறைய அரைகுறை. மேல் இமை பாதி வந்துட்டுத் திரும்பிப் போயிடும், கீழ்ப்பாதி கண் நனையறதே இல்லை.

இதுல நம்ம தலைமுறைக்கு மட்டுமே இருக்கிற ஒரு வியாதி என்னன்னா, பிரேக்னு சொல்லிட்டு போனை எடுக்கிறது. பில்டு ஓடிட்டு இருக்கு, நாலு நிமிஷம் ஆகும். உடனே கை பாக்கெட்டுக்குப் போகும். கணக்கைத் திரும்பப் பாருங்க, 1.7-ல இருந்து 3.3 டயாப்டர். அரிசிப் பையை இறக்கி வைக்கிறேன்னு சொல்லிட்டு இன்னொரு பையையும் சேர்த்துத் தூக்குறோம். எழுத்தும் சின்னது, சிமிட்டலும் இல்லை. டீ குடிக்கப் போனா போனை டெஸ்க்லயே விட்டுட்டுப் போங்க. மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் இல்லைன்னா, ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு ஜன்னலைப் பார்த்துப் பேசுங்க. நான் எங்க டீம்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு, "நடந்துகிட்டே பேசுறேன்"னு சொல்லிடுவேன். இதுவரைக்கும் யாரும் எதுவும் சொன்னதில்லை.

டெஸ்க் விஷயத்தை வேகமா சொல்லிடுறேன். மானிட்டர் ஒரு கை நீட்டுற தூரத்துல, 50-ல இருந்து 70 சென்டிமீட்டர். அதோட மேல் ஓரம் உங்க கண் மட்டத்துக்கு அல்லது கொஞ்சம் கீழே, அப்பத்தான் பார்வை தாழ்ந்து இமை பாதி இறங்கும். புத்தகம் பெரிசா இருக்குன்னு நாலு புத்தகத்தை அடுக்கி மானிட்டரை உசரத்துல வெச்சிருக்கிறவங்க ரெண்டு புத்தகத்தை உருவிடுங்க. ஜன்னல் மானிட்டருக்குப் பின்னாடியும் வேண்டாம், உங்க முதுகுக்குப் பின்னாடியும் வேண்டாம், பக்கவாட்டுல இருக்கட்டும். ஒரு வெள்ளைத் தாளை ஸ்கிரீன் பக்கத்துல பிடிங்க. ஸ்கிரீன் ட்யூப்லைட் மாதிரி தெரிஞ்சா பிரைட்னஸ் அதிகம், சாம்பலாத் தெரிஞ்சா கம்மி. டார்க் மோடு பிடிச்சா வெச்சுக்கோங்க, ஆனா அது கண்ணைக் காப்பாத்தும்னு நினைக்காதீங்க. இருட்டுப் பின்னணியில பாப்பா விரியும். சிலிண்டர் பவர் இருக்கிறவங்களுக்கு வெள்ளை எழுத்து ஓரத்துல மசமசன்னு பரவித் தெரியும். பகல்ல வெளிச்சமான அறையில வெள்ளைப் பின்னணியில கறுப்பு எழுத்துதான் படிக்கத் தெளிவு.

எழுத்து அளவைக் கூட்டுங்க. இதுக்கு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். மேக்ல விஎஸ் கோட் திறந்தா டிஃபால்ட் 12. அதை அப்படியே விட்டுட்டு, 27 இன்ச் 4கே மானிட்டர்ல ஸ்கேலிங் 100-ல வெச்சுக்கிட்டு, ஒரே ஸ்கிரீன்ல எண்பது வரி தெரியணும்னு மூக்கு இடிக்கிற மாதிரி குனியிறவங்களைத் தினமும் பார்க்கிறேன். 60 சென்டிமீட்டர்ல சாய்ஞ்சு உட்கார்ந்து சிரமமில்லாம படிக்க முடியிற அளவுக்கு எழுத்தைப் பெரிசாக்குங்க. அப்புறம் குனியவே தோணாது.

அடுத்து காத்து. சென்னையில வெளியே வேர்த்துக் கொட்டும், ஆனா நாம உட்கார்ந்திருக்கிற ஏசி ரூம்ல ஈரப்பதமே இருக்காது. ஏசியோட காத்து நேரா முகத்துல விழுற சீட்டு உங்களுதா? மாறி உட்காருங்க, இல்லைன்னா லூவரைத் திருப்பச் சொல்லுங்க. வீட்டுல டேபிள் ஃபேனை மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டு வேலை பார்க்கிறவங்க அதைக் காலுப் பக்கம் திருப்புங்க. ஏற்கெனவே காய்ஞ்ச கண்ணோட வண்டியை எடுத்து, ஹெல்மெட் வைசரைத் தூக்கிவிட்டுக்கிட்டு ஓஎம்ஆர் தூசியில போறவங்களுக்கு நான் என்ன சொல்றது. வைசரை இறக்குங்க.

கண் பரிசோதனை பத்தி ஒண்ணு. கண்ணாடியே வேண்டாம்னு நினைச்சுக்கிட்டிருக்கிற நிறைய பேருக்குச் சின்ன சிலிண்டர் பவரோ பிளஸ் பவரோ இருக்கும். இருபதுகள்ல தசை அதை இழுத்துப் பிடிச்சுச் சமாளிச்சிடும், ஆனா சாயங்காலம் தலைவலியா வட்டியோட வசூல் பண்ணும். பரிசோதனைக்குப் போகும்போது, வீட்டுல இருந்து மானிட்டர் எவ்வளவு தூரம்னு டேப் வெச்சு அளந்துட்டுப் போய் சொல்லுங்க. ஆறு மீட்டர் சார்ட்டை மட்டும் படிச்சுட்டு வந்தா உங்க வேலை தூரத்துக்கு என்ன வேணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இனி சொல்லப் போறதுக்காகத்தான் இந்த எபிசோடையே எடுத்தேன். சொட்டு மருந்து.

எங்க டீம்ல ஒருத்தர். என்னைவிட ஆறு வயசு பெரியவர், அண்ணான்னுதான் கூப்பிடுவேன். அவர் அனுமதியோட சொல்றேன். அவருக்கு ரிலீஸ் நேரத்துல கண் சிவந்துடும். டிராயர்ல ஒரு குட்டி பாட்டில் எப்பவும் இருக்கும். நைட் ரெண்டு சொட்டு போட்டுக்குவார், காலையில பளிச்சுன்னு வருவார். ஒரு நாள் கேட்டேன், "அண்ணா, இது என்ன மருந்து?"

"தெரியலடா தம்பி. மெடிக்கல்ல போய் கண்ணு சிவந்திருக்குன்னு சொன்னேன், குடுத்தாங்க. தீர்ந்தா காலி பாட்டிலைக் காட்டி வாங்கிக்கிறேன்."

அப்படி ஒரு வருஷத்துக்கு மேல. இந்த வருஷம் தொடக்கத்துல புது கண்ணாடிக்காக ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். அங்க வழக்கமா எல்லாருக்கும் பார்க்கிற மாதிரி கண் அழுத்தம் பார்த்திருக்காங்க. சாதாரணமா 10-ல இருந்து 21 வரைக்கும் இருக்கணும். அவருக்கு இடது கண்ணுல 34. என்ன மருந்து போடுறீங்கன்னு கேட்டதும் பாட்டிலைக் காட்டியிருக்கார். ஆண்டிபயாட்டிக்கோட டெக்ஸாமெத்தசோன் கலந்தது. டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. சிவப்பை நல்லா அடக்கும், அதனாலதான் "வேலை செய்யுது"ன்னு தோணும். ஆனா மாசக்கணக்குல போட்டா சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் பார்வை நரம்பை அரிக்கும். அதுக்குப் பேரு கிளாக்கோமா. புரையும் சீக்கிரம் வரலாம். மருந்தை நிறுத்தினதும் அவருக்கு அழுத்தம் இறங்கிடுச்சு. ஆனா இடது கண்ணுல மூக்குப் பக்கம் மேல ஒரு ஓரம் போனது போனதுதான். நரம்பு திரும்ப முளைக்காது.

"வலியே இல்லடா. வலிச்சிருந்தா அன்னைக்கே போயிருப்பேன்ல"ன்னு கேன்டீன்ல உட்கார்ந்து சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை.

சட்டப்படி இது ஷெட்யூல் எச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம கொடுக்கக் கூடாது. கொடுக்கிறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால இப்போவே உங்க டிராயரைத் திறந்து பாட்டிலைப் பாருங்க. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால், இதுல ஏதாவது பேரு இருக்கா? டாக்டர் எழுதிக் கொடுத்து, எத்தனை நாள்னு சொல்லியிருந்தா சரி, அந்தக் கணக்குப்படி போடுங்க. நீங்களா வாங்கினதுன்னா கண் டாக்டர்கிட்ட பாட்டிலோட போங்க, அழுத்தம் பார்க்கச் சொல்லுங்க. நாஃபசோலின் இருக்கிற மருந்துகள் வேற ரகம். ரத்தக் குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்கும், அடிக்கடி போட்டா விட்டதும் முன்னைவிட அதிகமா சிவக்கும்.

வறட்சிக்கு வேணுங்கிறது வெறும் செயற்கைக் கண்ணீர்தான். லேபிள்ல கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், ஹைப்ரோமெல்லோஸ், சோடியம் ஹையலூரோனேட்னு இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல தேவைப்பட்டா பிரிசர்வேட்டிவ் இல்லாததா கேளுங்க, ஏன்னா அந்தப் பிரிசர்வேட்டிவே கண்ணை உறுத்தும். பாட்டிலைத் திறந்த தேதியை மேல எழுதி வைங்க, பொதுவா ஒரு மாசத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாது. அம்மா சொல்ற பொன்னாங்கண்ணிக் கீரையைத் தாராளமா சாப்பிடுங்க. நந்தியாவட்டைப் பூவை மூடின கண் மேல வெச்சா குளிர்ச்சியா இருக்கும், அதோட நிறுத்திக்கோங்க. எந்தச் சாறையும், தேனையும், விளக்கெண்ணெயையும் கண்ணுக்குள்ள விடாதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியை மூடின இமை மேல அஞ்சு நிமிஷம் வைங்க. இமை ஓரத்துல கட்டியான எண்ணெய் இளகும்.

கடைசியா, எதையெல்லாம் "ஸ்கிரீன் பார்த்ததால இருக்கும்"னு விடக் கூடாதுன்னு சொல்லிடுறேன். திடீர்னு கண் முன்னாடி நிறைய கறுப்புப் புள்ளி மிதக்குது, ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டுது, திரை இறங்கின மாதிரி ஒரு பக்கம் மறையுது. இது விழித்திரை கிழிஞ்சதா இருக்கலாம், மைனஸ் பவர் அதிகமா இருக்கிறவங்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கண் வலியோட சிவந்து, பார்வை மங்கி, லைட்டைச் சுத்தி வளையம் தெரிஞ்சு வாந்தி வருது. கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்களுக்குக் கண் வலிச்சுச் சிவந்துடுச்சு. இந்த மூணுல எது வந்தாலும் அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க, ஸ்டாண்டப் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. வீட்டுல அப்பா அம்மா யாருக்காவது கிளாக்கோமா இருந்தா டாக்டர்கிட்ட அதையும் சொல்லுங்க.

உங்க பாட்டில்ல என்ன எழுதியிருந்ததுன்னு மெயில் பண்ணுங்க. அடுத்த எபிசோட் மணிக்கட்டு வலி பத்தி, ஒரு பிசியோதெரபிஸ்ட்டோட பேசியிருக்கேன். சந்திப்போம்.